மணிக்காக 45 கிலோமீட்டர்!

கடலூர்–சிதம்பரம் ரூட்டை பஸ் ஜன்னல்ல தூங்கி வழிஞ்சேதான் பார்த்திருப்பீங்க. ஒரு தடவை சைக்கிள்ல போய்ப் பாருங்க பாஸ்... சுமார் 45 கிலோமீட்டர்தான்!

நாங்க போனது மணிக்காக. ஹாஸ்டல் வாசல்ல படுத்துக்கிட்டு, டாப்பருக்கும் அரியர் பார்ட்டிக்கும் ஒரே மாதிரி வாலாட்டின ஜீவன். டிஸ்டெம்பர்ங்கிற வைரஸ் நோய்ல போய்ச் சேர்ந்துட்டான். தடுப்பூசி இருக்கு... எங்க யாருக்குமே தோணலை. மிச்சமிருக்கிற நாலு நாய்க்காவது போடணுமே!

ஐடியா, டெர்ரி ஃபாக்ஸ் கொடுத்தது. புற்றுநோய்ல ஒரு காலை இழந்த கனடா இளைஞர். 1980-ல செயற்கைக் காலோட 143 நாள்ல 5,373 கிலோமீட்டர் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். அவர் பேர்ல சென்னை ஐ.ஐ.டி.யிலகூட ஓட்டம் நடந்திருக்கு. நாங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய்னு பேசி வெச்சோம்.

விடியற்காலை சில்வர் பீச்சில ஸ்டார்ட். ஓல்டு டவுன் தாண்டினா சிப்காட்... மூக்கைப் பொத்தவும் முடியாது, ஹேண்டில்பாரை விடவும் முடியாது! ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் எதிர்காத்து. ரோடு என்னவோ சமதளம்தான், காத்துதான் மேடு. பி.முட்லூர் தாண்டி வெள்ளாத்துப் பாலத்துல பொட்டு நிழல் இல்லை. ரெண்டு பாட்டில் தண்ணி கட்டாயம்.

சிதம்பரம் கீழ வீதியில இறங்கி, இட்லி, கத்திரிக்காய் கொத்சுன்னு வெளுத்துக் கட்டினோம். 'நீ ஆலப்பாக்கமே தாண்ட மாட்டே'ன்னு சிரிச்சவன்தான் முதல் ஆளா 90 ரூபாயை நீட்டினான்.

சனிக்கிழமை கால்நடை டாக்டர் வர்றார். முதல் ஊசி கறுப்பிக்கு. அவளைப் பிடிக்கிறதுக்கு இன்னொரு 45 கிலோமீட்டர் ஓடணும் போல!