எனக்கென்று ஒரு மெத்தை

பாயில் படுத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. வீட்டில் இருந்த ஒரேயொரு கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் அப்பாவுக்கு உரியவை. அம்மாவும் பிள்ளைகளும் பனையோலைப் பாயில்தான் படுப்போம். 2008 கடைசியில் இடம்பெயரத் தொடங்கிய பின்னர் பாயும் இல்லை. பங்கருக்குள் உரப்பையை விரித்துப் படுத்தோம். 2009இல் செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கூடாரத்துக்குள், நிவாரணமாகத் தந்த பிளாஸ்டிக் பாயில் ஒரு வருடம் கழிந்தது. அப்போது எனது நிறை 48 கிலோ.

இன்று 96 கிலோ. இடுப்பில் செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அதனால் அதிகம் நடக்க முடியாது. பிழைப்போ தையல் மெசின். காலையில் இருந்தால் மாலையில்தான் எழும்புவேன். "முகாமில எலும்பும் தோலுமாக் கிடந்தவ, இப்ப பாருங்கோ" என்று பகிடி விடுபவர்களுடன் சேர்ந்து நானும் சிரிப்பேன். ஆனால் இரவில் முதுகு நோவில் புரண்டு புரண்டு படுப்பது எனக்கும் என் மகளுக்கும் மட்டுமே தெரியும்.

வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி முடித்ததும், லொறியில் கொண்டுவந்து விற்ற 4 அங்குல ஸ்பொஞ் மெத்தை ஒன்றை மலிவாக வாங்கினேன். எட்டு மாதத்தில் நடுவிலே பள்ளம் விழுந்துவிட்டது. பழைய சேலைகளை மடித்து அடியில் வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. மறுபடியும் நிலத்துக்கே வந்தேன். நிலத்தில் படுத்தால் காலையில் எழும்ப முடியாது. மகள்தான் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிவிடுவாள்.

அவளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. ஊரே சந்தோசப்பட்டது. அவள் மட்டும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "நான் போனால் உங்களை ஆர் அம்மா தூக்கிவிடுறது?" என்று கேட்டாள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. அவளுடைய படிப்பு என் முதுகினால் நின்றுவிடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

அடுத்த கிளினிக்கில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விளக்கமாகச் சொன்னார்: "அன்ரி, உடம்பில பாரம் கூடின இடம் இடுப்பு. மெத்தை மெதுவாக இருந்தால் இடுப்பு தாழ்ந்து முதுகெலும்பு வளையும். கல்லு மாதிரி இருந்தாலும் கூடாது. சரிஞ்சு படுக்கேக்க தோளும் இடுப்பும் நசியும். தாங்கவும் வேணும், கொஞ்சம் இடம் கொடுக்கவும் வேணும்."

தையல் சங்கத்துச் சீட்டுக் காசு கைக்கு வந்ததும் மகளுடன் கடைக்குப் போனேன். முதல் கடையில் நான் மெத்தையில் இருந்து பார்த்தபோது வேலைக்கு நின்ற பொடியன் மற்றவனைப் பார்த்துச் சிரித்தான். வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்குப் போவோம் என்றேன். மகள் விடவில்லை. இரண்டாவது கடை முதலாளி, "வெறுமனே தொட்டுப் பார்த்து வாங்காதேங்கோ அக்கா, பத்து நிமிசம் படுத்துப் பாருங்கோ" என்றார்.

அங்கே நான் படித்தவற்றைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

நுரை மெத்தையில் தடிப்பை மட்டும் பார்க்கக் கூடாது, அடர்த்தியைக் கேட்க வேண்டும். ஒரு கனமீற்றர் நுரையின் நிறை எத்தனை கிலோ என்பதே அந்தக் கணக்கு. 20 கிலோ அளவிலுள்ள மலிவு நுரை பாரமான உடம்புக்கு நின்று பிடிக்காது. 30 கிலோவுக்கு மேல் இருப்பது நல்லது. ஒரே அளவான இரண்டு நுரை மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தால், பாரமானது பெரும்பாலும் அடர்த்தி கூடியது.

தென்னந்தும்பில் இறப்பர் பால் தெளித்து இறுக்கிச் செய்யும் மெத்தையும் உண்டு. தும்பும் இறப்பரும் நம் நாட்டிலேயே கிடைப்பவை. அது நன்றாகத் தாங்கும், காற்றோட்டமும் இருக்கும், வெக்கை குறைவு. ஆனால் தனித் தும்பு கடினம். நான் வாங்கியது அடியில் தும்பும் மேலே இறப்பர் நுரையும் சேர்ந்த, 6 அங்குல மெத்தை.

வழக்கமாக எப்படிப் படுப்பீர்களோ அப்படியே கடையிலும் படுத்துப் பாருங்கள். சரிந்து படுத்தால், கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு நேராக இருக்கிறதா என்று கூட வந்தவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்து இடுப்பு வளைவுக்குக் கீழே கையை விடுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கடினம். போகவே மறுத்தால் மெத்தை மெது. பிறகு விளிம்பில் இருந்து பாருங்கள். பாரமானவர்கள் விளிம்பில் ஊன்றித்தான் எழும்புகிறோம். அது சரிந்தால் விழுந்துவிடுவோம். கட்டிலில் இருக்கும்போது இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பட வேண்டும்.

கட்டிலையும் பாருங்கள். சட்டப் பலகைகளுக்கு இடையில் 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நல்ல மெத்தையும் தொய்யும். எங்கள் கட்டிலுக்குத் தச்சரைக் கொண்டு நடுவில் ஒரு கால் வைத்து, மேலும் நான்கு பலகை அடித்தோம். மெத்தைக்கு மேலுள்ள பொலித்தீனைக் கழற்றிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைப்பக்கத்தைக் கால்பக்கம் திருப்புங்கள். கடும் வெயிலில் போடாமல் நிழலில் காற்றுப்பட வையுங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.

மெத்தை வந்ததும் எல்லா நோவும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். செல் துண்டின் நோ இருக்கிறது. நிறையைக் குறைக்கும் முயற்சியும் நடக்கிறது. கால் விறைத்தாலோ, சலம் கட்டுப்படாமல் போனாலோ மெத்தையை நம்பியிராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்றும் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறார். ஆனால் இப்போது நான் தானாக எழும்புகிறேன்.

எங்களுக்கென்று செலவழிக்க எங்களுக்கு மனம் வருவதில்லை. பிள்ளைக்கு, சடங்குக்கு, கடனுக்கு என்று எல்லாவற்றுக்கும் பிறகுதான் எங்கள் உடம்பு. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த உடம்பு விழுந்தால் பிள்ளையின் காலையும் அது கட்டிவிடும் என்பது பிந்தித்தான் விளங்கியது.

மகள் போன முதல் நாள் விடியக் காலமை தொலைபேசி அடித்தது.

"அம்மா, எழும்பீட்டீங்களோ?"

"எழும்பித் தேத்தண்ணியும் குடிச்சிட்டன். நீ படி" என்றேன்.