கடலைக்காட்டுக் காவலும் கைவிடும் துப்பாக்கியும்

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தால் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் காட்டோர ஊர்களில் ஆம்பளைகளுக்கு வீட்டுத் தூக்கம் கிடையாது. மானாவாரி நிலக்கடலை முற்றி நிற்கிற நேரம். மண்ணுக்குள் காய் முற்றிவிட்டதா என்று விவசாயி செடியைப் பிடுங்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றிக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை, மூக்கே போதும். ஒரு கூட்டம் ராத்திரி இறங்கினால், விடிகாலையில் வயல் ஏர் ஓட்டிப் போட்ட மாதிரி கிடக்கும். கடலை இல்லாத இடத்தில் மரவள்ளி, அதுவும் இல்லையென்றால் மக்காச்சோளம்.

அதற்காகத்தான் பரண். டார்ச் லைட், தகர டின், ஒரு கட்டுப் பட்டாசு, கம்பளி, பீடி. வயலைச் சுற்றிப் பழைய புடவைகளை வரிசையாகக் கட்டிவிடுவதும் உண்டு. இரண்டு வாரம் பன்றி அதற்குப் பயப்படும். பிறகு புடவைக்கு அடியிலேயே நுழைந்து வரும்.

இந்தச் சாமான்களோடு சில வீடுகளில் இன்னொன்றும் இருக்கும். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நாட்டுத் துப்பாக்கி. போலீஸ் பாஷையில் எஸ்.பி.எம்.எல். ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து இடிப்பது. தோட்டா போட்டு மடக்குகிற ரகம் இல்லை. குழலின் வாயில் கருமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்து இடித்து, மேலே ஈயக்குண்டோ பால்ரஸ் குண்டோ போட்டு, மறுபடி இடித்து, பின்பக்கத்துக் காம்பில் கேப்பை மாட்டி விசையை இழுக்க வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் வெடிக்கும். ‘எல்லாம் சரியாக நடந்தால்’ என்கிற மூன்று வார்த்தையில்தான் எத்தனையோ பேரின் விரலும் கண்ணும் போயிருக்கின்றன.

அப்படி ஒரு துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பேர் வேண்டாம். இரண்டு ஏக்கர் கடலை, நாலு ஆடு, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன மகன். துப்பாக்கி அவர் வாங்கியதில்லை, அப்பா காலத்தது. யார் செய்தார்கள், குழல் எந்த இரும்பு, எப்போது கடைசியாகச் சுட்டார்கள் என்று எதுவும் சரியாகத் தெரியாது. கூரைச் செருகலில் சாக்கில் சுற்றிக் கிடக்கும். “ஏங்க, அந்த எழவைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்களேன்” என்று வீட்டுக்காரம்மா வருஷத்துக்கு ஒரு தரம் சொல்வார். “பன்னிக்கு நீயா போய் நிப்ப?” என்பார் அவர். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அது ஏன் கைவிடுகிறது என்பதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. முதலில் ஈரம். பன்றி வருவது மழைக்காலத்தில், கருமருந்துக்கு ஆகாததும் அதே மழைக்காலம். வீட்டு மருந்து காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி நமுத்துப் போகும். சுட்டபின் குழலுக்குள் படிகிற கரியும் ஈரத்தை இழுத்து இரும்பை உள்ளிருந்தே தின்னும். வெளியே எண்ணெய் தடவிப் பளபளவென்று இருக்கிற துப்பாக்கி உள்ளே துருவாக இருக்கலாம்.

அடுத்தது, தாமதம். விசையை இழுத்தால் ‘டக்’ என்று கேப்பு மட்டும் அடிக்கும், வெடிக்காது. ‘சே, நமுத்துப்போச்சு’ என்று குழலைத் தன் பக்கம் திருப்புகிற நொடியில், உள்ளே புகைந்துகொண்டிருந்த மருந்து பற்றிக்கொள்ளும். வெடிக்காத துப்பாக்கியைக் குறைந்தது ஒரு நிமிடமாவது ஆள் இல்லாத திசையில் பிடித்தபடியே இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க வேட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். எதிரே பன்றி நிற்கும்போது ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, மறதி. மருந்து இடித்தோமா இல்லையா? இருட்டில், பதற்றத்தில், ஒருமுறை வெடிக்காமல் போனபின் மேலே இன்னொரு முறை மருந்தைக் கொட்டிவிடுவது. இதைப் பட்டிக்காட்டு மறதி என்று சிரித்துவிட முடியாது. 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் களத்தில் கிடந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கியபோது, பெரும்பாலானவற்றில் மருந்து போட்டபடியே இருந்தது. பலவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று முறை. பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்கே அந்தக் கதி. இரட்டை மருந்தை நல்ல குழலே தாங்குவது கஷ்டம். தண்ணீர்க் குழாயையோ ஏதோ ஒரு பட்டறைக் குழாயையோ வெட்டிச் செய்தது எப்படித் தாங்கும்? கன்னத்தை ஒட்டிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் அது பிளக்கும்.

இவ்வளவையும் தாண்டிச் சுட்டாலும் பன்றி சாகும் என்று சொல்ல முடியாது. வரிப்பள்ளம் இல்லாத குழலிலிருந்து கிளம்பும் உருண்டைக் குண்டு ஐம்பது அடி எடுத்து வைப்பதற்குள் குறி தப்ப ஆரம்பிக்கும். பன்றியின் தோளும் தடித்தது. காயம்பட்ட பன்றி புதருக்குள் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலை ரத்தத் தடம் பார்த்துப் போகிறவர் தொடையைத்தான் அது முதலில் தேடும். கையில் இருக்கும் துப்பாக்கியோ மறுபடி மருந்து இடிக்க நேரம் கேட்கும்.

இந்த மண்ணுக்குப் பன்றிச் சண்டை புதிதல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பன்றியோடு போராடிச் செத்தவர்களுக்கு நட்ட நடுகற்கள் இருக்கின்றன. ‘பன்றி குத்திப்பட்டான் கல்’ என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். கையில் வாளோ ஈட்டியோ பிடித்த வீரன், எதிரே பன்றி. ஆநிரை மீட்கச் செத்தவனுக்கும் புலியைக் குத்திச் செத்தவனுக்கும் வைத்த அதே மரியாதையை விளைச்சலைக் காக்கப் பன்றியோடு மோதியவனுக்கும் ஊர் வைத்திருக்கிறது. இன்று துப்பாக்கி வெடித்துக் கை போனவருக்குக் கல் நட யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் “பட்டாசு வெடிச்சிருச்சு” என்று சொல்லச் சொல்லிக் கூட்டிப் போவார்கள்.

மோசமான துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் ஜிம் கார்பெட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிறுவனாக அவர் கைக்கு வந்த முதல் துப்பாக்கிகளில் ஒன்று, வாய் வழியாக மருந்து இடிக்கும் இரட்டைக் குழல். அதில் ஒரு குழல் ஏற்கெனவே வெடித்துப் போனது. கட்டையும் குழலும் பிரிந்துவிடாமல் பித்தளைக் கம்பியால் கட்டியிருந்தது. 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை அவர் எதிர்கொண்டபோது கையிலிருந்த தோட்டாக்கள் தீர்ந்துபோயின. ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். பார்த்தால், குழலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே இடைவெளி! வேறு வழியில்லை. சுமார் இருபது அடி தூரத்தில் புலியின் வாயைக் குறிவைத்துச் சுட்டார், குண்டு காலில் பட்டது. நல்லவேளை, முன்பே பட்ட குண்டுகளில் புலி செத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கதையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் அந்தப் புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் அது வழக்கமான இரையை விட்டு மனிதர்களைப் பிடிக்க ஆரம்பித்தது என்கிறார் கார்பெட். யாரோ ஒருவர் என்றோ அரைகுறையாகச் சுட்ட ஒரு குண்டு!

அமெரிக்காவில் வசந்த காலம் வந்தால் காட்டு வான்கோழி வேட்டைக்கு சீசன் திறப்பார்கள். துப்பாக்கி மக்கர் செய்தால் ஒரு வான்கோழி தப்பும். மறுநாள் கடைக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்துக்கொள்ளலாம். இங்கே வேட்டைக்கு சீசனே கிடையாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், மிச்சமிருந்த வாசலை 1991-ல் அடைத்த திருத்தமும் அதை முடித்துவைத்தன. வயலில் மேயும் மயிலைத் தொட்டால் இன்னும் பெரிய வழக்கு. தேசியப் பறவை, சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது.

கடைக்குக் கொண்டுபோகலாம் என்கிற அந்த ஒரு வசதிதான் இங்கே இல்லாதது. உரிமம் இல்லாத துப்பாக்கியை எந்தப் பட்டறையில் காட்டுவது? யாரிடம் கேட்பது? ஒளித்து வைப்பதால் துரு பிடிக்கிறது, துரு பிடித்ததைக் காட்ட முடியாததால் மறுபடி ஒளித்து வைக்கிறார்கள். மருந்து போட்டபடியே வருஷக்கணக்கில் கூரையில் கிடப்பதும் உண்டு. பள்ளி விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை ஏணி போட்டு ஏறினால் என்ன ஆகும் என்பதுதான் அந்த வீட்டுக்காரம்மாவின் பயம். நியாயமான பயம்.

சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது, பாதி வழி. 1959-ன் ஆயுதச் சட்டமே ‘உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக’ வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று தனியாகச் சொல்கிறது. பக்கத்துக் குடகில் கொடவர்களுக்கு உரிமம் எடுப்பதிலிருந்தே விலக்கு, 2029 அக்டோபர் வரை. ஆனால் தருமபுரி விவசாயி கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து உரிமம் வாங்கினாலும், அது துப்பாக்கி வைத்திருக்கத்தான் அனுமதி, பன்றியைச் சுட அல்ல. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சுட வேண்டுமானால் வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டாலோ, 2019 திருத்தத்தின்படி குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் சிறை. இரண்டு ஏக்கர் கடலையின் விலை அவ்வளவு இல்லை.

துப்பாக்கியை விட்டவர்கள் எல்லாரும் புடவை வேலிக்குத் திரும்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய் இருக்கிறது. மின்வேலி இருக்கிறது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில் பன்றிக்காக வைத்த கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. அம்மாக்களைச் சுற்றிச் சுற்றி வந்த இரண்டு குட்டிகளின் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாட்டுத் துப்பாக்கியாவது சுடும்போதுதான் ஆபத்து. கம்பியில் விட்ட கரண்டுக்குப் பன்றி, யானை, பால் கறக்கப் போகும் பக்கத்து வயல்காரர் என்ற வித்தியாசமே கிடையாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்தில் பன்றியால் அதிகம் அடிபடுகிற வயல்கள் காட்டை ஒட்டியே இருக்கின்றன. பரணில் உட்கார்ந்திருக்கிற நம் விவசாயிக்குக் காடு கூப்பிடு தூரம். அவருக்குக் கிடைப்பது இழப்பீட்டு விண்ணப்பம். அதையாவது விடாமல் போட வேண்டும். சேதத்தை அன்று காலையே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனத்துறை ரேஞ்ச் ஆபீசிலும் சொல்லிவிட வேண்டும். பாதிப்பேர் ‘எங்கே கிடைக்கப்போகுது’ என்று போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போலீசும் வனத்துறையும் அவ்வப்போது ஊர் ஊராக வந்து, தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் மூலமாகக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாகப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இப்படிக் கொடுக்க நினைக்கிறவர்கள் செய்யக்கூடாதது ஒன்று: ‘உள்ளே மருந்து இருக்குதா பார்ப்போம்’ என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பது, குத்தி எடுப்பது, கடைசியாக ஒரு தரம் சுட்டுப் பார்ப்பது. இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, கேப்பையும் விசையையும் தொடாமல், அது இருக்கிற இடத்தைச் சொல்லி வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வதே நல்லது. ஏற்கெனவே வெடித்துக் காயம் பட்டுவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108-ஐக் கூப்பிட வேண்டும். டாக்டரிடம் பட்டாசுக் கதை வேண்டாம். உள்ளே ஈயமோ இரும்புக் குண்டோ இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவர் எக்ஸ்ரேயில் அதைத் தேடுவார்.

அப்பா கொடுத்ததைச் சாக்கோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பெரியவர் அதிகாரியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். “சரிங்க சார், குடுத்துட்டேன். நாளைக்கு ராவு பன்னி வந்தா யாருக்குப் போன் பண்றது?”