குடத்துக்குள் தண்ணீர்

கடலில்லாத புனேயில் படகு டிரெய்லருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கடக்வாஸ்லா அணைப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். 1879-இல் கட்டி முடித்த அந்த அணையின் நீர்ப்பரப்பை ஒட்டித்தான் தேசியப் பாதுகாப்பு அகாடமி. மாணவர்களுக்குப் பாய்மரப் பயிற்சியும் அங்கேதான். நகரத்துக்குள்ளேயே தாபோடியில், ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் துடுப்புப் படகு மையம் இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் போன தத்து போகனாள் பயிற்சி பெற்ற இடம். துடுப்புப் படகை வீரர்களே தோளில் சுமந்து தண்ணீரில் விட்டுவிடுவார்கள், டிரெய்லர் கரையிலேயே நிற்கும். மோட்டார் படகுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. டிரெய்லரையே சரிவில் பின்பக்கமாக இறக்கி, சக்கரம் முங்கினால்தான் படகு மிதக்கும்.

அப்படி முங்கிய ஒரு டிரெய்லர்தான் புனேயின் கட்கியில் நான் பார்க்கப் போன பட்டறையில் நின்றது. மிஸ்திரி தமிழர். வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வட ஆர்க்காட்டிலிருந்து வந்த தாத்தாவின் பேரன். என்னிடம் தமிழ், உதவிக்கு நிற்கும் பையனிடம் மராத்தி, பேரிங்கிடம் இரண்டிலும் வசவு.

ஜாக்கி கொடுத்துத் தூக்கியதும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லொடக்கென்றது. மூடியைத் தட்டிக் கழற்றி, ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைத் திறந்து, சக்கரத்தின் குடமான ஹப்பை இழுத்தார். உள்ளேயிருந்த கிரீஸ் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது.

"தண்ணி குடிச்சிருக்கு, தம்பி."

"சீல் இருக்குமே அண்ணே, எப்படிப் போச்சு?"

"அதுவே உறிஞ்சிக்கிச்சு."

விளக்கம் இதுதான். நெடுஞ்சாலையில் ஓடி வரும்போது ஹப் சூடாகிறது, உள்ளே காற்று விரிகிறது. அதே சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, வெளியே இருக்கும் தண்ணீரை சீலின் விளிம்பு வழியாக இழுக்கிறது. கண்டாலா மலைப்பாதையில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கி, மும்பைக் கரையில் நேரே உப்புத் தண்ணீருக்குள் விடுபவர்கள் இந்தப் பட்டறைக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் நிறுத்தி ஆறவிட்டால் பாதித் தொல்லை தீரும். விடுமுறைக்குக் கிளம்பியவனுக்கு அந்தப் பொறுமை ஏது?

டீசலில் கழுவிய பேரிங்கை ஏர் பிடித்துச் சுழற்றப் போன பையனுக்கு ஓர் அதட்டல் விழுந்தது. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் கூடு தெறித்து உருளை முகத்தில் பாயும். பிறகு வெளி வளையமான கப்பை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உருளைகள் படிந்திருந்த இடைவெளிக்குச் சரியாகக் கோடு கோடாகத் துரு. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றபோது ஈரம் அரித்த தடம். லாரி பேரிங் ஓடித் தேய்கிறது. படகு டிரெய்லரின் பேரிங் சும்மா நின்றே சாகிறது. படகைத் துடைத்துப் பாலிஷ் போட்டு, தார்பாய் மூடி வைக்கிறவர்கள் அடியில் இருக்கும் சக்கரத்தைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

இந்த வகைக் கூம்பு உருளை பேரிங்குக்கு ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்றது 1898-இல். அவர் குதிரை வண்டி செய்தவர். வண்டி வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்கத்தான் அந்தச் சாய்வு. பேரிங் முகத்தில் 30206 என்று பொறித்திருந்தது. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 30 மில்லிமீட்டர். பையனுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

பழைய கப்பை உளியால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித் தட்டி எடுத்தார். புதியதை அடித்து இறக்க அந்தப் பழைய கப்பையே மேலே வைத்துக்கொண்டார். வெளிப்புறத்தை மட்டும் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்திருந்தார், உள்ளே சிக்கிக்கொள்ளாமல் இருக்க. அப்புறம் கிரீஸ். உள்ளங்கையில் ஒரு குவியல் வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தித் தள்ளினார், மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே பிதுங்கி வரும்வரை. தண்ணீரில் கரைந்து போகாத மரைன் கிரீஸ். வேறு ரக கிரீஸின் மிச்சம் ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. சேராத இரண்டு கலந்தால் இளகி ஓடிவிடும்.

இப்போது ஸ்பிரிங் வைத்த மூடிகள் வருகின்றன. கிரீஸை உள்ளே லேசான அழுத்தத்தில் வைத்திருப்பதால் தண்ணீர் புகாது. நல்ல சாதனம்தான். ஆனால் அதை மாட்டியவர்கள் ஹப்பைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள். சிலர் கிரீஸ் கன்னால் அளவில்லாமல் ஏற்றி, பின் சீலையே பிதுக்கி விடுகிறார்கள்.

நட்டை முடுக்கும்போது பேச்சு நின்றது. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, முழுக்கத் தளர்த்தி, மறுபடி விரலால் மட்டும் திருகி நிறுத்தினார். "டைட்டா இருந்தா நல்லதுன்னு நினைக்கிறானுங்க. எரியறதே அதனாலதான்." ஸ்பிளிட் பின் புதுசு.

அதற்குள் உரிமையாளரின் போன். சத்தம் வந்தது இடது சக்கரத்தில்தானே, வலதை எதற்குத் திறக்க வேண்டும் என்கிறார். "ரெண்டும் ஒரே தண்ணிலதானே சார் முங்குச்சு?" என்றார் மிஸ்திரி இந்தியில். பேரம் சீல் விலைக்கு இறங்கியபோது, பையன் ஜாக்கியை வலது பக்கம் உருட்டிப் போயிருந்தான்.