கணக்கில் ஒரு பக்கம்

இரயில்வே சரக்குச் சீட்டுகளோடு பொழுது கழிக்கும் நமக்கு, எதனையும் எடையாலும் விலையாலும் அளப்பதே பழக்கமாகிவிட்டது. அப்பழக்கத்தை அசைத்த நிகழ்ச்சி ஒன்றைச் சங்கத்து அன்பர்களுக்குக் கூற விழைகிறோம்.

2019ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கல்கத்தாவின் வனவிலங்குக் கடத்தல் வழக்கொன்றில், மூன்று சிம்பன்சிகளையும் நான்கு மார்மோசெட் குரங்குகளையும் அமலாக்கத் துறையினர் சொத்தாகக் கருதி முடக்கினர். சிம்பன்சி ஒன்றுக்கு 25 இலட்சம், மார்மோசெட் ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம், ஆக 81 இலட்சம் ரூபாய் என்பது மதிப்பீடு. மீட்கப்பட்ட அவ்வுயிர்களுக்கு ஆலிப்பூர் உயிரியல் பூங்கா புகலிடமாயிற்று.

அவ்வாண்டு மார்கழியில், ஒரு ஞாயிறன்று, தங்கை மகனை அழைத்துக்கொண்டு துணைவியாருடன் அங்குச் சென்றோம். தாயை இழந்த அச்சிறுவன் கும்பகோணத்திலிருந்து லேக் கார்டன்ஸில் உள்ள நம் இல்லத்திற்கு வந்து ஆறு திங்கள் ஆகியிருந்தன. இட்டதை உண்பான், எதையும் கேளான். ஊரிலிருந்து வரும் கடிதங்கள் அவனுக்கு ஆகும் செலவு யாருடையது என்பதையே வினவின. நாமும், நாணத்துடன் சொல்கிறோம், கணக்குப் புத்தகத்தில் அவன் பெயருக்குத் தனிப்பக்கம் ஒதுக்கியிருந்தோம்.

சிம்பன்சிகளின் முன் அவன் நெடுநேரம் நின்றான். "மாமா, இவற்றின் அம்மா எங்கே?" என்றான்.

சிம்பன்சிக் குட்டி ஐந்தாண்டளவு தாய்ப்பால் உண்டு வளர்வது. ஆப்பிரிக்கக் காடுகளில் குட்டியைப் பிடிப்போர் பெரும்பாலும் தாயைக் கொன்றே பிடிப்பர். இவற்றைப் படித்திருந்தும் நமக்கு நா எழவில்லை.

"அம்மா இல்லையப்பா, அதனால்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன" என்றார் துணைவியார்.

அவ்வேளை ஒரு சிம்பன்சி மற்றொன்றின் முதுகு மயிரைப் பொறுமையாக விலக்கித் துழாவிக்கொண்டிருந்தது. அது தூய்மைக்காக மட்டும் செய்யும் வேலை அன்று. அவ்வினம் உறவு வளர்க்கும் முறையே அது.

அன்றிரவு சிறுவன் எண்ணெய்க் கிண்ணத்துடன் துணைவியாரிடம் வந்தான். "அத்தை, எனக்குத் தலையில் தேய்த்துவிடுவீர்களா?" ஆறு திங்களில் அவன் வாய்திறந்து கேட்டது அதுவே முதன்முறை.

அவர் விரல்கள் அவன் தலையில் உலவிக்கொண்டிருக்க, நாம் கணக்குப் புத்தகத்தை எடுத்தோம். அவன் பக்கத்திலிருந்த தொகைகளை வீட்டுச் செலவோடு சேர்த்து, அப்பக்கத்தைக் குறுக்கே அடித்தோம்.

அவ்விலங்குகள் இழந்த காட்டை எவராலும் இங்கே ஆக்கித் தர இயலாது. கும்பகோணத்து வீட்டையும் நம்மால் ஆக்கித் தர இயலாது. ஆயினும் தலைக்கு எண்ணெய் தேய்க்க ஒரு கை இருக்கலாம் அன்றோ?