கீறல் போட்டது யாரு?

மக்களே, உங்க வீட்டுல கார் இருந்தா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வெயில் சாய்ஞ்சு விழற நேரத்துல அதோட ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் பாருங்க. (கார் இல்லாதவங்க எச்.ஓ.டி. காரைப் பாருங்க. தள்ளி நின்னு!) தலைமுடி மாதிரி நாலஞ்சு கோடு மின்னும். 'காலையில இல்லையே, எவன்டா கீறினான்?'னு பகீர்னு இருக்கும். எவனும் கீறல. அது ரொம்ப நாளா அங்கதான் இருக்கு. பக்கவாட்டுல வெளிச்சம் பட்டாத்தான் கண்ணுக்குத் தெரியும்.

சன் ஃபிலிம் ஒட்டுற கடைகள்ல இந்தக் கோடுதான் பெரிய வில்லன். வண்டியை விடும்போது யாரும் கண்ணாடியைப் பார்க்கறதில்லை. ஃபிலிம் ஒட்டி, பளபளன்னு துடைச்சு, சாவியைக் கையில கொடுத்ததும் எல்லாருக்கும் கண்ணு கூர்மையாயிடுது.

போன செமஸ்டர் லீவுல, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கத்துல அப்படி ஒரு கடையில மூணு வாரம் நின்னேன். பக்கெட் தூக்கறது, ஸ்பிரே பாட்டில் ரொப்பறது, டவல் பிழியறதுதான் நம்ம டிபார்ட்மென்ட். ஃபிலிம் ஒட்டுற பையனுக்கு என்னைவிட ஒரு வயசு கம்மி. விழுப்புரம் பக்கம். பத்தாவது முடிச்சதும் வேலைக்கு வந்துட்டான். என்னை 'இன்ஜினீயரே'னுதான் கூப்பிடுவான். அதுல மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவுனு கடைசி வரைக்கும் பிடிபடல.

'ஃபிலிமே தடைதானே?'னு கேட்கறீங்களா? 2012 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் கறுப்பு ஃபிலிமை மொத்தமா எடுக்கச் சொன்னது நிஜம். அப்புறம் விதி மாறுச்சு. முன்னாடி, பின்னாடி கண்ணாடியில 70 சதவிகிதம், பக்கத்துக் கண்ணாடியில 50 சதவிகிதம் வெளிச்சம் உள்ளே போனா ஃபிலிம் ஒட்டலாம்னு 2024-ல கேரள ஐகோர்ட் சொல்லியிருக்கு. அதனால பழைய கறுப்பை உரிச்சுட்டு வெளிர் ஃபிலிம் போட வர்ற வண்டிகளும் உண்டு. கீறல் விழறதுக்குத் தோதான நேரமே இந்த உரிக்கிற, சுரண்டுற நேரம்தான்.

முதல் நாள் பயல் ஒரு பிளேடை எடுத்துக் கண்ணாடியில வெச்சதும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. இரும்பை வெச்சு சுரண்டினா கீறாதா? ஃபர்ஸ்ட் இயர்ல மனப்பாடம் பண்ணி, பரீட்சையில கக்கிட்டு மறந்துபோன மோஸ் அளவுகோல் அப்பதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. 1812-ல ஃபிரெட்ரிக் மோஸ் போட்ட கடினத்தன்மை வரிசை. எது எதைக் கீறும்ங்கிறதுதான் அதோட மொத்த மேட்டரும். கண்ணாடி சுமார் 5.5. பிளேடு ஸ்டீலும் ஏறக்குறைய அதே வரிசைதான். தட்டையா, ஈரத்துல போனா வழுக்கிட்டுப் போயிடும். ஆனா மணல் இருக்கே, அதுல இருக்கிற குவார்ட்ஸ் 7! கீறுறது பெரும்பாலும் பிளேடு இல்லீங்க, பிளேடுக்கு அடியில மாட்டிக்கிற ஒரு மணல் துணுக்கு.

இந்த 7, 5.5 எதுவும் பயலுக்குத் தெரியாது. ஆனா அவன் கை செய்யறது எல்லாம் இதுக்குத்தான். எடுத்ததும் பிளேடைத் தொடமாட்டான். ரப்பர் பீடிங் இருக்குல்ல, கண்ணாடி கதவுக்குள்ளே இறங்கற இடம்... அங்கேதான் மாசக்கணக்கா மண்ணு குடியிருக்கும். முதல்ல அதை ஊதி, பிரஷ் போட்டு, தண்ணி அடிச்சுக் கழுவுவான். அப்புறம் கண்ணாடியை ரெண்டு விரல் அளவு இறக்கி மேல் விளிம்பைத் துடைப்பான். அடுத்து ஷாம்பூ கலந்த தண்ணி, தாராளமா. அது அழுக்கை எடுக்க மட்டுமில்லை, துணுக்கு மிதந்து வரணும், பிளேடும் வழுக்கணும். அதுக்கும் மேல வெறும் உள்ளங்கையால கண்ணாடி முழுக்கத் தடவுவான். "கண்ணு ஏமாத்தும் இன்ஜினீயரே, கை ஏமாத்தாது"ம்பான். நானும் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குச் சுத்தமாத் தெரிஞ்ச இடத்துல நறநறன்னு ரெண்டு துகள்!

அதுக்கப்புறம்தான் பிளேடு. புதுசு, படுக்கை வாட்டுல பிடிச்சு, ஒரே திசையில, முன்னாடி தள்ள மட்டும். திரும்ப இழுக்கவே மாட்டான். தள்ளும்போது துணுக்கு பிளேடுக்கு முன்னாடி ஓடும். இழுத்தா அடியில சிக்கும். ஒவ்வொரு தள்ளுக்கும் தூக்கி, துடைச்சு, அடுத்தது. முந்தின நாள் ஈரத்தோட வெச்ச பிளேடு துருவேறியிருந்தா நேரா குப்பைத்தொட்டி. பின்னாடி கண்ணாடியில பிளேடே கூடாது. அங்கே உள்பக்கம் ஓடுற கோடுகள் பனி போக்குற ஹீட்டர். ஒண்ணு அறுந்தா அந்தக் கோடு காலி. அங்கே சூடு காட்டி மெதுவா உரிச்சு, பசையை ஊறவெச்சுத் துடைக்கறதுதான் வழி.

ஒரு நாள் பசை போகாம அடம் பிடிச்சப்போ, பக்கத்து டீக்கடையில பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பரை வாங்கிட்டு வரட்டுமானு ஒரு கஸ்டமரே கேட்டார். பயல் அலறிட்டான். அந்தப் பச்சை நார்கள் பலதுல அலுமினியம் ஆக்சைடு பொடி இருக்கு. மோஸ் வரிசையில 9. மாணிக்கம், நீலக்கல்லு எல்லாம் அதோட சொந்தக்காரங்க. கண்ணாடிக்கு அது எமன்!

இப்ப மேட்டருக்கு வர்றேன். ரெண்டாவது வாரம் ஒரு வெள்ளை கார் வந்துச்சு. ஃபிலிம் ஒட்டி முடிச்சதும், பின் கதவுக் கண்ணாடியில மேலிருந்து கீழா நாலு கோடு. கஸ்டமர் கத்தறார். பொய் சொல்ற ஆளாவும் தெரியல. உண்மையிலேயே அவர் அதைப் பார்த்ததில்லை. முன்னாடி தூசி மூடியிருந்துச்சு. இப்ப கண்ணாடி சுத்தம், பின்னால இருட்டான ஃபிலிம் வேற. கரும்பலகையில சாக்பீஸ் கோடு மாதிரி பளிச்சுனு தெரியுது.

பயல் நகத்தை வெச்சுக் காட்டினான். உள்பக்கம் வழவழன்னு இருக்கு. வெளிப்பக்கம் நகம் தடுக்குது. "அண்ணே, நான் சுரண்டினது உள்ளே. கோடு வெளியே இருக்கு பாருங்கண்ணே. கண்ணாடி ஏறி இறங்கும்போது பீடிங் மண்ணு போட்டது"ன்னான். அவன் சொன்னதுல தப்பே இல்லை. பிளேடு போட்ட கீறல் குட்டியா, சுரண்டின வாக்குல இருக்கும். ஸ்கிரப்பர் போட்டது வட்ட வட்டமா, மெல்லிசா, கூட்டமா இருக்கும். ஃபிலிமை அளவுக்கு வெட்டுற கத்தி போட்டதுனா வெளிப்பக்கம்தான், ஆனா விளிம்பை ஒட்டியே ஓடும். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே சீரா ஓடினா அது பீடிங் வேலை. ஒரு கைரேகை நிபுணர் லெவலுக்கு விளக்கினான் பயல்.

முதலாளிக்கு இது தெரியாதா? முப்பது வருஷம் இந்தத் தொழில்ல இருக்கார். ஆனா அந்த சார் ரெகுலர் பார்ட்டி, அவரை விட முடியாது. நகம் தடுக்கிற கீறலை சீரியம் ஆக்சைடு போட்டுத் தேய்ச்சா அந்த இடம் குழிஞ்சு பார்வை நெளியும், அதனால பாலிஷும் வேண்டாம்னுட்டார். புதுக் கண்ணாடி மாத்திக் கொடுத்தாங்க. காசு? பயல் சம்பளத்துல மூணு தவணையா! எனக்கு வந்துச்சே ஒரு கோபம். "நீ சும்மா இருங்க இன்ஜினீயரே"னு (நீ பாதி, நீங்க பாதி) அவன்தான் என்னை அடக்கினான்.

மறுநாள்லேர்ந்து அவன் ஒரு வேலையைச் சேர்த்துக்கிட்டான். வண்டி உள்ளே வந்ததும், சாவியை வாங்கறதுக்கு முன்னாடி, கண்ணாடியை ஈரத்துணியால ஒரு துடை. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிக்கறது. கோடு தெரிஞ்சா ஒயிட்போர்டு மார்க்கர்ல வட்டம் போட்டு, கஸ்டமரைக் கூப்பிட்டு, அவரையும் சேர்த்தே ஒரு போட்டோ. ஒரு அம்மா, "என்ன தம்பி, ஆக்ஸிடென்ட் கேஸ் மாதிரி பண்றே?"னு சிரிச்சாங்க. ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு அடுத்த கடைக்கே போயிட்டார். அதுக்கு முதலாளிகிட்ட தனியா ஒரு பாட்டு.

லீவு முடிஞ்சு கிளம்பறப்போ முதல் தவணை பிடிச்சாச்சு. போன வாரம் போன் பண்ணினேன். ரெண்டாவதும் போச்சாம். "போட்டோ மட்டும் நாப்பது சேர்ந்துடுச்சு இன்ஜினீயரே, மெமரி ஃபுல்லுனு காட்டுது. எப்படி அழிக்காம வெச்சுக்கறது, சொல்லுங்க"ன்னான். வர்ற ஞாயித்துக்கிழமை போறேன், ஒரு மெமரி கார்டோட.