ஏற்காடு சாலையில் ஒரு முதலாளி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் பற்றவைப்புக் குழாயை ஊதிக்கொண்டே, "நம்மூரு படம்ங்க அலிபாபா" என்றார். அவர் அப்பா காலத்துப் படம். ஆனாலும் குரலில் அவ்வளவு உரிமை!

அந்த உரிமையைச் சேலத்துக்குத் தந்தவர் டி.ஆர்.சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைக் கட்டினார். பட நிறுவனம் என்றால் சென்னை என்று ஆகிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆலையைப்போல ஸ்டூடியோவை நடத்தினார். நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மாதச் சம்பளம், எல்லாவற்றுக்கும் நேரக்கணக்கு. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' வந்ததும் இங்கிருந்துதான். கேரளத்து நண்பர்களிடம் இதை நான் சொல்லாமல் விட்டதில்லை.

1940இல் 'உத்தமபுத்திரன்', பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1950இல் 'மந்திரிகுமாரி', வசனம் கலைஞர் கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். பின்னாளில் முதல்வர்களான இருவரும் இளமையில் இந்த ஊரில் வேலை பார்த்தவர்கள்! கண்ணதாசனும் இங்கே சம்பளம் வாங்கியவர்தான். 1956இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அதைச் சுந்தரமே இயக்கினார்.

1963இல் அவர் மறைந்தார். ஸ்டூடியோ இருந்த நிலத்தில் இன்று வீடுகள். முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. ஏற்காடு போகும் பிள்ளைகள் அங்கே வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறார்கள். எடுக்கட்டும். பக்கத்திலேயே இந்தப் படங்களின் பெயரும் ஆண்டும் எழுதிய ஒரு பலகை வேண்டும் என்பது என் ஆசை.