கித்துள்கலைக் கானகத்தின் மேலே

ஆறும் மலையும் இல்லாத ஊர் எமது புத்தூர். செம்மண் தோட்டங்களும், பனங்கூடல்களும், ஆழம் காண இயலாதது என்று ஊரார் வழிவழியாகப் பேசிவரும் நிலாவரைக் கிணறுமே எமக்கு வாய்த்த இயற்கைச் செல்வங்கள். பெய்யும் மழையைச் சுண்ணாம்புக்கற் பாறை தன்னுள் வாங்கிக் கிணறுகளின் வாயிலாகத் திருப்பித் தருகின்றது. இத்தகைய ஊரிற் பிறந்த பிள்ளைகளுக்கு மழைக்காடு என்பது பாடநூலிற் படித்த ஒரு சொல்லே. அதனை நேரிற் காட்டும் பொருட்டுப் பாடசாலை விடுமுறையொன்றில் நாம் குடும்பத்துடன் கித்துள்கலைக்குப் புறப்பட்டோம்.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹற்றன் செல்லும் வீதியில், ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில், களனி கங்கையின் கரையில் அமைந்துள்ளது கித்துள்கலை. 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்ததும் இங்கேதான். யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. இங்கோ தென்மேற்குப் பருவக்காற்று மலைகளில் மோதுவதால் அதன் மும்மடங்குக்கும் மேற்பட்ட மழை கொட்டுகின்றது. ஆகவே மரங்கள் ஒளியைத் தேடி ஒன்றையொன்று விஞ்சி வளர்கின்றன. கீழே நிற்பவருக்கு ஈரமும் இருளுமே தெரியும். காட்டின் பூவும் காயும் பறவையும் பெரும்பாலும் மேலேயுள்ள இலை விதானத்திலேயே உள்ளன.

அந்த விதானத்தை எட்டுவதற்கு வந்த வழியே 'சிப்லைன்' எனப்படும் கம்பிச் சவாரி. 1970களில் கொஸ்தா றிக்கா நாட்டு மழைக்காட்டில் டொனால்ட் பெரி என்ற உயிரியல் ஆய்வாளர் மர உச்சிகளை ஆராயக் கயிறுகளைப் பயன்படுத்தினார். 1990களில் அதே நாட்டில் மர உச்சிகளிடையே கம்பியிற் செல்வது உல்லாசப் பயணிகளின் விளையாட்டாக வளர்ந்தது. உயர்ந்த மேடையிலிருந்து தாழ்ந்த மேடைக்கு உருக்குக் கம்பி வடம் கட்டப்படுகின்றது. அதன் மேல் கப்பி உருளுகின்றது. கப்பியில் மனிதர் தொங்குகின்றார். இயந்திரம் எதுவும் இல்லை. எமது நிறையே எம்மை இழுத்துச் செல்கின்றது. "எங்கள் கிணற்றுக் கப்பியைப் போலத்தானே, அப்பா?" என்று எம் மகள் கேட்டாள். ஆம், அங்கே வாளி, இங்கே நாம்!

மேடையில் நின்ற மலையகத் தமிழ் இளைஞர் எம் இடுப்பிலும் தொடைகளிலும் பட்டிகளை இறுக்கித் தலைக்கவசமும் அணிவித்தார். கம்பியோடு எம்மைப் பிணைத்த கொளுவிகள் இரண்டு. "பயப்படாதீங்க ஐயா, ஒன்னு விட்டாலும் மத்தது பிடிச்சுக்கும்" என்றார். கால் மேடையை விட்டது. காற்று செவியில் இரைந்தது. காலின் கீழ்ப் பசுமை பல நிறமாக விரிந்தது: இளந்தளிரின் செம்மை, முதிர்ந்த இலையின் கருமை, நடுவே மீன்வால் போன்ற இலைகளைத் தாங்கிய கித்துள் மரங்கள். ஒரு நிமிடத்துக்குள் மறுகரை வந்துவிட்டது.

ஊருக்குப் பெயர் தந்த கித்துள், தமிழிற் கூந்தற்பனை எனப்படும். எமது பனையின் உறவு. அது உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாளைகளை ஈன்று, கடைசிப் பாளையோடு மடிந்துவிடும். அப்பாளைகளைச் சீவி வடித்த நீரைக் காய்ச்சியே பாணியும் கருப்பட்டியும் செய்கின்றனர். மாலையில் தேநீரோடு அக்கருப்பட்டியைக் கடித்தபோது, அதற்காக மரம் ஏறியவரைப் பற்றிய எண்ணம் எழுந்தது. களுத்துறைக் கரையோரத்திலோ, தென்னை உச்சிகளுக்கு இடையே கட்டிய கயிறுகளில், ஒன்றில் மிதித்து மற்றொன்றைப் பற்றி நடந்து கள் இறக்குவோரைக் காணலாம். எமது ஊர்ச் சீவல் தொழிலாளிக்கு அக்கயிறும் இல்லை. காலில் தளைநாரும் இடையிற் கத்தியுமாக ஒவ்வொரு பனையிலும் ஏறி இறங்குகின்றார். மழையில் மரம் வழுக்கினால் அவரைப் பிடிக்க இரண்டாவது கொளுவி ஏது?

அவர் இறக்கிய கருப்பநீரின் பனங்கட்டியைச் சுவைத்த சமூகமே, அவரைக் கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் தடுத்து நிறுத்தியது. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக 1968இல் போராட வேண்டியிருந்தது. அந்த இழிவு நீங்கவேண்டியதுபோல, இந்த ஆபத்தும் நீங்கவேண்டும்.

ஒரு நிமிட மகிழ்ச்சிக்கு இரண்டு கொளுவிகள் தேவையெனில், நாள்தோறும் உயிரைப் பணயம் வைப்பவருக்கு ஒன்றேனும் வேண்டாமா? மரமேறுவதற்கு ஏற்ற பாதுகாப்புப் பட்டியை அமைப்பது கடினமான விஞ்ஞானமன்று. கூட்டுறவுச் சங்கங்களும் தொழில்நுட்பம் பயிலும் எம் மாணவர்களும் இதிற் கருத்தூன்றுதல் நலம். விடுமுறைக்குக் கித்துள்கலை செல்வோர் கம்பியிற் பறந்து மகிழ்க. ஊர் திரும்பியபின் பனங்கூடற் பக்கமும் ஒருமுறை அண்ணாந்து பார்க்க.